வைரஸுக்கும் உண்டு ஊர் பாஷை!

அன்றைக்குப் போலியோ சொட்டு மருந்து ஞாயிறு. என் எட்டு மாசப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். கூடவே என் பெரியம்மா பையன். வயது ஐம்பது. ஆடிட்டர் ஆபீஸில் அக்கவுன்டன்ட். ஒன்றரை வயதில் போலியோ வந்து, இடது காலில் காலிப்பர் மாட்டி நடப்பவர். எங்கள் தெருவில் யார் வீட்டில் ஐந்து வயசுக்குள் குழந்தை இருக்கிறது என்பது ரேஷன் கடைக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் இந்த ஒரு நாள் மட்டும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்.

எதிர்வீட்டு இளைஞர் கதவைத் திறந்தார். புது அப்பா. சாஃப்ட்வேர்.

"சார், அது உயிரோட இருக்கிற வைரஸாமே? அதான் எல்லாரும் போட்டுக்கறாங்களே... நாம ஒரு வீடு போடலேன்னா என்ன ஆயிடும்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான் பத்திரிகையில எழுதறியே, சொல்லேன்டா."

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி உலகம் இருப்பதே கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். விட்டுப்போன குழந்தைகளைத் தேடி நர்ஸ் மறுநாள் வீட்டுக்கே வருவார். கையில் ஒரே ஒரு ராத்திரி. காலேஜ் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. தலைக்கு மேலே போனது பாதி. மீதி இதோ.

* * *

"எங்கே போகிறாய்?" என்று கேட்க வேண்டும். திருநெல்வேலியில் "எங்கல போற?" மதுரைப் பக்கம் "எங்கிட்டுப் போற?" கோயமுத்தூரில் "எங்கீங்க போறீங்க?" நம்ம சென்னையில் "எங்க நைனா போற?" அர்த்தம் ஒன்றுதான். ஆனால், நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்று யாரையாவது "நைனா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். டீக்கடையே திரும்பிப் பார்க்கும்!

மரபணுவிலும் இதே கூத்துதான். அங்கே இருப்பது நாலே எழுத்து. ஆர்.என்.ஏ. பாஷையில் ஏ, யு, ஜி, சி. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் கோடான் என்று பெயர். மொத்தம் 64 கோடான். அதில் 3 'நிறுத்து' என்று சொல்கிற முற்றுப்புள்ளிகள். மீதி 61-ம் 20 அமினோ அமிலங்களைக் குறிப்பவை. அதாவது, 20 பொருளுக்கு 61 பெயர். இந்த அகராதியைக் கண்டுபிடித்ததில் பங்கு உண்டு என்றுதான் நம்ம ஹர் கோவிந்த் குரானாவுக்கு 1968-ல் இன்னும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

லூசின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் ஆறு விதமாக எழுதலாம். எப்படி எழுதினாலும் வருவது அதே லூசின்தான். ஆனால் மனித உடம்பு சி.யு.ஜி. என்று எழுதுவதைத்தான் அதிகம் விரும்புகிறது. யு.யு.ஏ. என்பது அபூர்வம். ஒவ்வொரு உயிருக்கும் இப்படி ஒரு வட்டார வழக்கு இருக்கிறது.

நம் உடம்பு தொடத் தயங்கும் எழுத்து ஜோடி ஒன்று உண்டு. சி-க்கு அடுத்து ஜி. கணக்குப்படி வர வேண்டியதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் நம் மரபணுவில் இந்த ஜோடி இருக்கிறது. அதனால் நம் செல்லுக்குள் ஏதாவது ஓர் ஆர்.என்.ஏ. வார்த்தைக்கு வார்த்தை 'சி-ஜி, சி-ஜி' என்று உளறினால், அது வெளியூர் ஆசாமி!

அதைப் பிடிக்க ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். பெயர் ஜாப். துத்தநாகம் பிடித்த ஒரு புரதம். 2002-ல் கண்டுபிடித்தார்கள். இவர் சி-ஜி ஜோடியைத் தேடித் தேடிப் பிடிப்பவர் என்று 2017-ல் தெரிந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆள் கூப்பிடுவார். கதை முடிந்தது.

வைரஸ் என்ன செய்யும்? வேறென்ன, ஊர் பாஷை கற்றுக்கொள்ளும்! 1918-ல் உலகத்தையே சுடுகாடாக்கிய இன்ஃபுளுயன்சா, பறவைகளிடம் வேர் உள்ள வைரஸ். அதன் சந்ததியை வருஷவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தார்கள். மனிதர்களுக்குள் புழங்கப் புழங்க சி-ஜி ஜோடி குறைந்துகொண்டே வந்திருப்பது 2008-ல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது. இதில் ஜாப்பின் பங்கு எவ்வளவு, மற்ற காவலர்களின் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. ஆனால் நைனா மெல்ல மெல்ல 'ஏலே' போடக் கற்றுக்கொண்டது நிஜம்.

* * *

இனி போலியோ. எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரிதான். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். ஆனால் சாதுவாக்கப்பட்டது. ஆல்பர்ட் சேபின் கொடுத்த கொடை. இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுராவில். அதற்கப்புறம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குப் பெரும் காரணம் இந்த இரண்டு சொட்டுதான்.

சிக்கல் எங்கே என்றால், போலியோ வைரஸின் மரபணு சுமார் 7,500 எழுத்து. அதைக் காப்பி எடுக்கிற குமாஸ்தா மகா அவசரக்காரர். ஒரு காப்பிக்கு ஏறக்குறைய ஒரு தப்பு. சேபினின் இரண்டாம் வகை வைரஸைச் சாதுவாக்கி வைத்திருந்த முக்கிய மாற்றங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. சொட்டு மருந்து போடாத குழந்தைகள் நிறைய இருக்கிற ஊரில், ஒரு குடலிலிருந்து இன்னொரு குடலுக்கு மாதக்கணக்கில் சுற்றினால், தப்பு மேல் தப்பு விழுந்து பழைய போக்கிரித்தனம் திரும்பிவிடும். நிஜமான இரண்டாம் வகைப் போலியோ கடைசியாகத் தென்பட்டது 1999-ல், உத்தரப்பிரதேசத்து அலிகாரில். ஆனால் மருந்திலிருந்து திரும்பிய இரண்டாம் வகை, ஆப்பிரிக்காவில் இன்னும் குழந்தைகளை முடக்கிக்கொண்டிருக்கிறது.

இதற்குத்தான் ஊர் பாஷையைத் திருப்பிப் போட்டார்கள். 2006-ல் அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2008-ல் நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் எக்கார்ட் விம்மர் குழு. போலியோவின் சட்டை, அதாவது மேலுறைப் புரதம், ஒரு அமினோ அமிலம்கூட மாறக்கூடாது. ஆனால் எழுதுகிற விதத்தை மட்டும் நூற்றுக்கணக்கான இடங்களில் மனித உடம்புக்குப் பிடிக்காதபடி மாற்றினார்கள். புரதம் அச்சு அசல் அதேதான். வைரஸோ திக்கித் திணறியது. ஸ்டோனி புரூக்கில் அதைப் போட்டுக்கொண்ட எலிகள், பிற்பாடு நிஜப் போலியோவைக் கொடுத்தபோதும் தாக்குப்பிடித்தன. ஜோடி கோடான்கள் மாறியதாலா, சி-ஜி கூடியதாலா என்று அதிலும் ஒரு பட்டிமன்றம் உண்டு.

இது ஏன் பலே வேலை என்பது பி.காம்.காரனுக்குச் சட்டென்று விளங்கும். ட்ரயல் பாலன்ஸில் ஒரே ஒரு பெரிய தப்பு என்றால், ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்து டேலி பண்ணிவிடலாம். அறுநூறு என்ட்ரியில் அஞ்சஞ்சு பைசா வித்தியாசம் என்றால்? ஒன்றைத் திருத்தினால் ஒன்றும் ஆகாது. அத்தனையும் திருத்த ஆயுசு போதாது. வைரஸுக்கும் அதே கதிதான்.

2017-ல் பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப்பில், பல்கலைக்கழக வளாகத்தில் கன்டெய்னர்களை அடுக்கி ஒரு குட்டி ஊரே கட்டினார்கள். பெயர் போலியோபோலிஸ்! புது வைரஸ் வெளியே கசியக்கூடாது என்று 15 தொண்டர்களை 28 நாள் உள்ளே வைத்தார்கள். பிறகு இன்னொரு 15 பேர். சோதித்தது இரண்டு புது மருந்துகள். ஒன்று நம்ம சி-ஜி கூட்டிய ஆள். மற்றதில் வேறு பூட்டு. ஒற்றை எழுத்தைத் திருத்திப் பழைய நிலைக்குப் போக முடியாத அமைப்பு, கொஞ்சம் நிதானமான குமாஸ்தா. ஜெயித்தது அந்த மற்றது. நம்ம ஹீரோவுக்கு இரண்டாம் இடம். 2020 நவம்பரில் அவசர அனுமதி, 2021 மார்ச்சில் முதல் சொட்டு. இதுவரை நூறு கோடி டோஸுக்கு மேல் போட்டாயிற்று. பழையதைவிட ரொம்பச் சாது.

ஆனால் ஒன்று. தடுப்பு குறைவாக இருந்த சில இடங்களில், இந்தப் புதுப் பூட்டையும் உடைத்துக்கொண்டு வைரஸ் வெளியே வந்திருக்கிறது. பூட்டு எவ்வளவு நல்லதானாலும், திருடனுக்கு வருஷக்கணக்கில் அவகாசம் கொடுத்தால் என்ன செய்வது?

* * *

மறுநாள் காலை எதிர்வீட்டில் இதையெல்லாம் ஒப்பித்தேன். கோடான் வரைக்கும் கேட்டவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "சார், கடைசியா என்னதான் சொல்றீங்க?" என்றார்.

"சொட்டு போடாத குழந்தை ஒவ்வொண்ணும் அந்த வைரஸுக்கு ஒரு ட்யூஷன் க்ளாஸ் சார். அங்கதான் அது பாடம் படிக்குது. எல்லாரும் போட்டுக்கிட்டா பள்ளிக்கூடமே கிடையாது. உங்க ஒரு வீடு, அதுக்கு ஒரு பெஞ்ச்."

அவர் பதில் சொல்லவில்லை. அண்ணனின் காலிப்பரை ஒரு தடவை பார்த்தார். அண்ணன் அதைக் கவனிக்காதவர் மாதிரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நர்ஸம்மா இரண்டு சொட்டு விட்டு, இடது கை சுண்டு விரலில் மை வைத்தார். குழந்தை வீல் என்று அழுதது.

அண்ணன் நோட்டில் ஒரு டிக் அடித்தார்.

"தெரு டேலி ஆயிடுச்சுடா" என்றார். காலிப்பர் 'டக் டக்' என்று சத்தமிட, அடுத்த தெருவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.