சில்லொலியும் பல்பொருளும்

ஒரு மொழியின் உயர்வை அதன் சொற்சுருக்கத்தைக் கொண்டே அளப்பார் நம்மிடையே உளர். அக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டு சென்று பார்த்த முயற்சிகள் மேலைநாட்டில் நிகழ்ந்துள்ளன. அவற்றை நோக்கியபின் இவ்வளவுகோலை யாம் உடன்படுவதற்கில்லை.

இலண்டன் இராயல் சொசைட்டியை நிறுவியோருள் ஒருவராகிய ஜான் வில்கின்ஸ், 1668-இல் வெளியிட்ட பெருநூலில் புதுமொழி ஒன்றை வகுத்தார். உலகப் பொருள்களை 40 பேரினங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஈரெழுத்தாலான அசையொன்றைக் குறியாக்கினார். அதனோடு சேரும் மெய் உட்பிரிவையும், அடுத்து வரும் உயிர் அதன் வகையையும் காட்டும். ‘டெ’ என்பது பூதம், ‘டெப்’ தீ, ‘டெபா’ தீச்சுடர். நம் இலக்கணத்தார் கூறும் ஓரெழுத்தொருமொழி வேறு. ஆங்கு எழுத்துத் தனித்து நின்று சொல்லாகும். ஈண்டோ சொல்லினுள் வரும் எழுத்தெல்லாம் பொருள் சுமக்கின்றன.

இவ்வமைப்பின் அழகே இதன் குறையுமாயிற்று. நெருங்கிய பொருள்களுக்கு நெருங்கிய ஒலிகளே அமைதலின், ஓரெழுத்துப் பிறழினும் வேறொரு பொருளுடைய சொல் பிறந்துவிடும். டூலிப் மலரைக் குறிக்கும் ‘காபெ’ என்று எழுதவேண்டிய இடத்தில், வாற்கோதுமையைக் குறிக்கும் ‘காடெ’ என்று வில்கின்ஸே எழுதிவிட்டதை உம்பர்த்தோ எக்கோ எடுத்துக் காட்டியுள்ளார். மொழியைப் படைத்தவர்க்கே நேர்ந்த வழு இது! இயற்கை மொழியில் ஒரு பூவின் பெயரைப் பிழைபட எழுதின், பெரும்பாலும் பொருளற்ற சொல்லே தோன்றும். படிப்போன் தானே திருத்திக் கொள்வான்.

அமெரிக்கரான ஜான் கிஹாடா 2004-இல் வெளியிட்ட இத்குயில் என்னும் மொழி இச்செறிவை மேலும் வளர்த்தது. அதன் முதல் வடிவில் மெய்கள் 65, உயிர்கள் 17. ஒலிகள் பெருகின் சொற்கள் குறுகும் என்பது எளிய கணக்கே. ஆயின் அத்துணை ஒலிகளையும் நாவும் செவியும் பிரித்தறிதல் வேண்டுமன்றோ? 2011-இல் திருத்திய வடிவில் மெய்கள் 45 ஆகவும் உயிர்கள் 13 ஆகவும் குறைக்கப்பட்டன. படைத்தவரும் அம்மொழியைத் தங்குதடையின்றிப் பேச வல்லவர் அல்லர்.

செறிந்த மொழியால் செய்தி விரைந்து செல்லும் என்பதும் ஐயத்திற்குரியது. 17 மொழிகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019-இல் வெளிவந்தது. தமிழ் அவற்றுள் இல்லை. ஜப்பானியர் அசைகளை விரைந்து ஒலிக்கின்றனர். அவர்தம் ஓரசையில் அடங்கும் செய்தி சிறிது. வியத்நாமியர் மெல்ல ஒலிக்கின்றனர். அவர்தம் ஓரசை தாங்கும் செய்தி பெரிது. இரண்டையும் பெருக்கிப் பார்ப்பின், நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் என்னும் அளவையே அம்மொழிகள் அணுகி நிற்கின்றன. ஆம், அன்று என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்துரைக்கும் செய்தியின் அளவே பிட் என்பது.

‘அவள் வந்தாள்’ என்னும் தொடரில், பெயர் உணர்த்திய பாலையே வினைமுற்றும் மீண்டும் உணர்த்துகின்றது. சுருக்கமே பெரிதெனக் கொள்வார் இதனை மிகை என்பர். சந்தை இரைச்சலில் முதற்சொல் செவிப்படாது போயினும், வந்தவள் ஒருத்தி என்பதை ஈற்றிலுள்ள ளகரம் நமக்குத் தந்துவிடுகின்றது.