ஃபிரிட்ஜ் குளிரலையா? கேஸ் அடிக்கும் முன்னால்...

போன சித்திரையில் ஒருநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுன்னு இருந்தது. வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய எட்டு லிட்டர் தயிர் மேலே. கீழ்த்தட்டில் பாட்டில் பாட்டிலாக நாட்டுக் காய்கறி விதை. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் பின்பக்கக் கம்பிவலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்ல சார், கேஸ் போயிடுச்சு. மூவாயிரம் ஆகும்" என்றார். ஆதாரம் பார்க்காமல் கடன் சாங்ஷன் பண்ணிப் பழக்கமில்லாத ஆள் நான். "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

ஃபிரிட்ஜ் கேஸ் டிராக்டர் டீசல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்பும். பின்னால் உள்ள கம்பிவலையில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். உள்ளே போய் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அளவு குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் அடித்தால் சில மாதத்தில் மறுபடியும் அதே கதைதான்.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுது, ஆனாலும் கம்பிவலை சூடாகலை என்றால் கேஸைச் சந்தேகப்படலாம். கம்ப்ரஸரே ஓடலை என்றால் கம்பிவலை எப்படிச் சூடாகும்? என் வீட்டில் நடந்தது அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முனகல், உடனே 'டிக்'. அவ்வளவுதான். கிளம்பப் பார்த்து, முடியாமல், ஓவர்லோடு அதை நிறுத்திவிடுகிறது.

இப்படி 'டிக்' கேட்டால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். நம்ம தோட்டத்து லைனில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் 170, 180 என்று இறங்கும், கம்ப்ரஸர் திணறும். எனக்கு விடியற்காலையில் 225 இருந்தும் 'டிக்' நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸர் பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே ரிலே. கையில் எடுத்து ஆட்டினால் கலகலன்னு சத்தம், உள்ளே உடைந்திருந்தது. கம்ப்ரஸரின் மூன்று முனைகளையும் மல்டிமீட்டரில் அளந்தேன். இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். எந்த முனைக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்ததால் பழைய ரிலேயைக் காட்டி அதே மாதிரி வாங்கி மாட்டினேன். 180 ரூபாய். கெப்பாசிட்டர் இருந்தால் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பிளக் எடுத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

கம்ப்ரஸர் ஓடியும் குளிர் குறைவு என்றால், முக்கால்வாசி அழுக்குதான். நெல் மூட்டைக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி வைத்தால் கம்பிவலை முழுக்கத் தூசி, ஒட்டடை. பிரஷ்ஷால் தட்டிவிட்டுச் சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் கட்டி, கீழே மட்டும் குளிரவில்லையா? காற்றுப் பாதையில் பனி அடைத்திருக்கலாம். ஒருநாள் முழுக்க அணைத்துத் திறந்து வைத்து, பிறகு போடுங்கள். சரியாகி ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வந்தால், பனி உருக்கும் ஹீட்டரையோ அதன் சென்சாரையோ பார்க்கச் சொல்லுங்கள். ஐஸைக் கத்தியால் மட்டும் குத்த வேண்டாம். அலுமினியத் தகடு ஓட்டையானால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும்!

பின்னால் உள்ள லேபிளில் ஆர்600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். குழாய் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்பில்லாமல். ஃபிரிட்ஜை அணைத்தால் ஐந்து நிமிடம் விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். குழாயில் அழுத்தம் சமமாகாமல் போட்டால் கம்ப்ரஸர் திணறும். அதனால் ஸ்டெபிலைசர் வாங்கினால் தாமதித்து ஆன் ஆகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த எட்டு லிட்டரையும் வீட்டம்மா கடைந்து வெண்ணெய் எடுத்து நெய்யாக்கிவிட்டார். காய்ந்த விதைக்கு ஓரிரு நாள் சூடு பெரிய கேடு இல்லை. குளிர்ந்த பாட்டிலைச் சட்டென்று திறந்தால் ஏறும் ஈரம்தான் கேடு. பாட்டில் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகே திறந்தேன். ஒவ்வொன்றிலும் 20 விதை எடுத்து ஈரத்துணியில் முடிந்து, முளைப்பு பார்த்த பிறகுதான் ஆடிப்பட்டத்துக்குக் கொடுத்தேன்.