தம்பானூரில் குறும்பட விழா: எல்லைத் தமிழரும் போய்ப் பார்க்கலாம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குச் சினிமா என்றால் இடைவேளையோடு மூன்று மணி நேரம் ஓட வேண்டும். அந்தக் காலத்தில் கொட்டகையில் அரசாங்க நியூஸ் ரீல் ஓடும்போது வெளியே டீக்கடையில் நின்றுவிட்டு, சென்சார் சர்டிபிகேட் காட்டும் நேரம் பார்த்து உள்ளே ஓடியவர்கள் நாம். பத்து நிமிஷப் படத்தை ரயில் ஏறிப் போய் யாராவது பார்ப்பார்களா?

பார்க்கிறார்கள். கேரள மாநில சலச்சித்திர அகாடமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் சில காட்சிகளுக்கு உட்கார இடமே கிடைப்பதில்லை.

டிசம்பரில் நடக்கும் பெரிய படவிழாவின் இரவுக் காட்சிகள், மியூசியத்தை அடுத்த கனகக்குன்னு வளாகத்தில் நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நடக்கும். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வர ஆட்டோ பிடிக்க வேண்டும். குறும்பட விழா அப்படியல்ல. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே இடத்தில் உள்ள தியேட்டர்களில் நடக்கிறது. ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

ஆவணப்படம், சிறுகதை போன்ற படங்கள், அனிமேஷன், கல்லூரி மாணவர் எடுத்த படங்கள் இவற்றோடு மியூசிக் வீடியோவுக்கும் தனிப் பிரிவு உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் 'ஒலியும் ஒளியும்' பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதுசு. முழுப் படத்திலிருந்து எடுத்த பாட்டல்ல. பாட்டுக்காகவே எடுத்த சிறு படம்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்று முறையிட்ட தொழிலாளர்கள் மனு, வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2015-ல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரப் அதை ஒரு பாட்டாகப் பாடி வீடியோவாக வெளியிட்டார். சில நிமிஷப் பாட்டுதான். உலகம் முழுதும் பரவியது. மறு வருஷமே, 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வதற்கில்லை. தொழிலாளர்கள் விடாமல் நின்றார்கள். ஆனால் பைலில் கிடந்த விஷயம் ஊர் வாய்க்கு வந்தது பாட்டால்தான்.

அகஸ்தீஸ்வரத்துக்காரர்

'அது மலையாளிகள் விழா, நமக்கென்ன' என்று ஒதுங்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல், 1900-ல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். பல் மருத்துவர். சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ வைத்து, தாமே கதாநாயகனாகவும் நடித்தார். படம் கேபிடல் தியேட்டரில் வெளிவந்தது 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பி.கே. ரோஸி, நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திரை மீது கல் விழுந்தது. ரோஸி ஊரை விட்டே போக நேர்ந்தது. டேனியல் நொடித்துப் போனார்.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வயதான காலத்தில் டேனியலுக்கு உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று கேரள அரசு தரப்பில் கைவிரித்துவிட்டதாகச் சொல்வார்கள். ரேஷன் கார்டுக்காக இரண்டு பக்கத்துத் தாலுகா ஆபீசுக்கும் நடந்தவர்களுக்கு இது புரியும். 1975-ல் அவர் காலமானார். 1992-ல் அவர் பெயரிலேயே விருது ஏற்பட்டது. இன்று கேரள அரசின் மிக உயர்ந்த திரைப்பட விருது அதுதான்.

'விகதகுமாரன்' பிரதி இன்று இல்லை. அடுத்து வந்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) பிழைத்தது ஒரு வழக்கால். நாவலின் உரிமைத் தகராறில் அந்தப் பிரதி புத்தகக் கம்பெனியின் கைக்குப் போய், அங்கேயே கிடந்து, பிற்பாடு புனா திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குறும்படங்கள் பலவற்றுக்கு வழக்குப் போடக்கூட ஆள் இல்லை. விழாவில் ஒருமுறை ஓடும், பிறகு தியேட்டர் பக்கம் வராது. ஆகவே ஓடும்போது பார்த்துவிட வேண்டும்.

சமீப ஆண்டுகளில் விழா ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ நடந்திருக்கிறது. டெலிகேட் பாஸுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். படத்தின் கீழே ஓடும் எழுத்து பெரும்பாலும் இங்கிலீஷ். பையனையோ பெண்ணையோ கூட அழைத்துப் போனால் படித்துச் சொல்வார்கள். கடைசிக் காட்சி முடிவதற்குள் நம் பக்கத்து பாசஞ்சர் புறப்பட்டுவிடக்கூடும். போகும்போதே கவுண்டரில் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு. நாகர்கோவில் பஸ் நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போகிறது.