மாமர நிழலில் ஒரு தோட்டம்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரம். மரத்தை வணங்கிய மரபு நம்முடையது. அதன் அருகாமை உடல்நலத்துக்கும் துணையாகும் என்கிறது மருத்துவம். 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர்; வலிமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

வீட்டில் பெரிய மரம் இருப்பின், அதன் அடியைத் தோட்டமாக்கலாம். வேர்களை வெட்டுதல், அடிமரத்தில் மண் குவித்தல், சிமெண்டு பூசுதல் ஆகியவை கூடா. வேர்களுக்கும் காற்று தேவை. அடர்நிழலில் புல் செழிக்காது. ஓரளவு வெளிச்சம் விழும் ஓரங்களில் மஞ்சள், இஞ்சி, சேம்பு, கற்பூரவல்லி ஆகியவற்றைத் தொட்டிகளில் வளர்க்கலாம்.

வேர் தடுக்காத, சக்கர நாற்காலி செல்லும் அகலமுள்ள பாதையும், கைப்பிடியுள்ள இருக்கையும் அமையுங்கள். உதிர்ந்த இலைகள் மழையில் வழுக்கும், நாள்தோறும் அகற்றுங்கள். டெங்குக் கொசு பெருகாதிருக்க, தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கவிடாதீர்கள். நீரிழிவு உள்ளோர் காலணியின்றி நடத்தலாகாது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் மண்ணையும் மக்கிய இலையையும் தொடாமல், நிழலில் அமர்வதே போதும்.

நோயாளியைப் பேணுவோரும் நாள்தோறும் சிறிது நேரம் அங்கே அமருங்கள். ஓய்வு உங்களுக்கும் தேவை.