தாத்தாவின் முகமும் வேப்பமரமும்

பத்துமலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அப்பா நட்டது. யாருக்காவது வழி சொல்லும்போது “வேப்பமரத்து வீடு” என்றால் போதும், வந்துவிடுவார்கள். அப்பா தவறி அடுத்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது.

கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒருநாள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். வெளிநாட்டில் ஏதோ ஒரு பெரிய மரம். அதன் அடிமரத்திலேயே ஒரு கிழவரின் முகத்தைச் செதுக்கியிருந்தார்கள். மூடிய கண், தாடி, நெற்றிச் சுருக்கம் எல்லாம் இருந்தன. மரமோ மேலே பச்சைப் பசேலென்று நின்றது.

“தாத்தா நட்ட மரத்துல தாத்தா முகம். எப்படிப்பா இருக்கும்?” என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாளே மர வேலை செய்பவர் ஒருவரிடம் விலை கேட்டுவிட்டேன். திவசத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எவ்வளவு ஆழம் வெட்டுவாங்க?”

மூக்கு எடுப்பாகத் தெரிய மூன்று அங்குலமாவது உள்ளே போகணுமாம் என்றேன். அம்மா பேசவில்லை. எழுந்துபோய் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதன் பிறகு நெரை நெரையாக மரங்கள். உயிருள்ள மரத்தில் கத்தி எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவருடைய கைக்குத் தெரியும். ரப்பர் மரத்தில் பால் ஓடுவது பட்டையின் உள்பகுதியில். அதற்கும் அடியில், கட்டையை ஒட்டி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. புதுப் பட்டையையும் புதுக் கட்டையையும் உருவாக்குவது அதுதான். வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் சீவுவார். கட்டைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை விட்டுவைக்க வேண்டும். அப்படி விட்டால் சில ஆண்டுகளில் பட்டை திரும்ப வளர்ந்துவிடும். கட்டையில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி, பிறகு கத்தியை வைக்கவே முடியாது.

“காயம் பட்டா கிராணி விரலால தடவிப் பார்ப்பாரு. அன்னைக்கு ஏச்சுதான்,” என்றார் அம்மா. “அரைக்கால் அங்குலத்துக்கே அந்தப் பாடு. நீ மூணு அங்குலம்ங்கிற.”

1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. இந்த நாட்டின் ரப்பர் கதை அங்கேதான் தொடங்குகிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொத்திக் குதறாமல், அதே வெட்டை மெல்லச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அதை நாள்தோறும் செய்து காட்டியவை நம் பாட்டிகளின் கைகள்.

அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். மரத்துக்கு நம்மைப்போல் காயம் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பிக்கொள்கிறது. வெளியே புதுக் கட்டையால் மூடப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் காயம் உள்ளேயேதான் இருக்கும். நம் மழைக்கும் வெயிலுக்கும் காளானும் கரையானும் நுழைய அந்த வாசல் போதும். வாசலில் கார் நிற்கும் வீட்டில் அடிமரம் உளுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மரம் சும்மா இருக்காது. வெட்டின் ஓரங்களிலிருந்து உதடுபோல் தடித்து வளர்ந்து உள்நோக்கி வரும். கண் சிறுக்கும், வாய் கோணும். எப்படியும் சில ஆண்டுகளில் அது அப்பாவின் முகமாக இருக்காது.

மகன் காட்டியதுபோன்ற முகங்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், செயின்ட் சைமன்ஸ் தீவின் ஓக் மரங்களில் இருக்கின்றன. 1980களில் கீத் ஜென்னிங்ஸ் என்ற சிற்பி செதுக்கத் தொடங்கியவை. கடலில் மாண்ட மாலுமிகளின் முகங்கள் என்று ஊரார் சொல்வார்களாம். நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் மொரியொரி மக்கள் உயிருள்ள கோபி மரங்களின் பட்டையில் மனித உருவங்களைக் கீறினார்கள். மூன்று அங்குலம் அல்ல, பட்டையளவு மட்டுமே. அந்த மரங்களும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக, இன்று எஞ்சியவை கொஞ்சம்தான்.

முகம் செதுக்குபவர்களைப் பார்க்க நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மூவரும் கிள்ளான் வழியாகக் கேரித் தீவுக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனை. சுங்கை பும்பூன் கிராமத்தில் மா மெரி பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். மூதாதையரின் ஆவிகளை, அவர்கள் மொழியில் ‘மோயாங்’, மரத்தில் முகமாக்குவது அவர்களின் பரம்பரைக் கலை. முகமூடி அணிந்து ஜோஓ நடனம் ஆடுவார்கள். சிற்பங்களுக்குச் சதுப்புநிலக் காட்டின் ஞிரே பத்து மரம் பேர்போனது. செந்நிறம், கல் போன்ற உறுதி. (அந்தப் ‘பத்து’வும் நம் பத்துமலையின் ‘பத்து’வும் ஒன்றுதான், மலாயில் கல் என்று பொருள்.) அங்கே செதுக்குவது வெட்டியெடுத்த கட்டையில்தான். நிற்கும் மரத்தில் அல்ல.

அம்மா ஒரு முகமூடியைத் திருப்பி, உளி போன தடத்தை விரலால் தடவினார். பழைய கிராணியே வந்துவிட்டதுபோல் இருந்தது. “கை சுத்தம்,” என்றார்.

திரும்பும் வழியில் மகன் மெதுவாகக் கேட்டான். “பாட்டி, தோட்டத்துல மரத்துக்கு முகம் வச்சதே இல்லியா?”

“வச்சோமே. வேப்பமரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, கண்ணு ஒட்டி, சேலை சுத்தினா அம்மன்தான். மழை பெஞ்சா கரைஞ்சுபோகும். மறுபடி வைப்போம்.”

மர வேலைக்காரருக்கு அன்றிரவே அழைத்து வேண்டாம் என்றேன். ஏனென்று கேட்டார். அம்மா பால்மரம் வெட்டியவர் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் ரம்புத்தான் மரத்தைச் சாய்த்தபோது மகன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தான். உளியும் வாங்கினான். மூன்று வாரமாக வாசலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறான். திவசத்துக்குள் முடியாது. முதல் முயற்சியில் மூக்கு உடைந்தது. இரண்டாவதை நேற்று அம்மாவிடம் நீட்டினான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“காது சரியா இருக்கு,” என்றார். “மூக்கு உங்க அப்பாவோடது.”