பள்ளி திறந்த பிறகு – 6: கழித்தால் 35

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குள் அவள் இரண்டாம் வகுப்பு. ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி விடுமுறை. 2022 ஜூனில் கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம்!

வாசிக்கச் சொன்னால் கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். விரல் மட்டும் வேறு வரியில் போய்க்கொண்டிருக்கும். கரும்பலகையில் 'கெ' என்று எழுதினால் விழிப்பாள். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்ட ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பள்ளி மூடியிருந்தபோது பாடம் ஒளிபரப்பிய கல்வித் தொலைக்காட்சியால் ஆகிற காரியமில்லை.

சென்ற வாரம் பார்த்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை நேர வகுப்பு. பள்ளி நேரத்துக்குள்ளேயே வந்த மாற்றம், 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்'. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அரும்பில் இருக்கலாம். யாரும் குறைசொல்லக் கூடாது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்தன.

நிலை பிரிப்பதால் என்ன லாபம்? 42-இல் 17 போக எவ்வளவு என்று கேட்டால் பலர் 35 என்று எழுதுவார்கள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5, நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற அளவில் அவர்கள் செய்தது சரிதான். அவர்களுக்குக் கழித்தல் தெரியும். தெரியாதது, 42-இல் இருக்கும் 4 என்பது நாற்பது என்பது. கடன் வாங்கும் முறையை இருபது முறை எழுத வைத்து என்ன பயன்? பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்க வைத்தால் விளங்கிவிடும். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். புத்தகத்தை முடிக்க ஓடும் வகுப்பில் அந்த ஒரு வாரம் கிடைக்காது; நிலை பிரித்த வகுப்பில் கிடைக்கும்.

பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லிக்கொடுப்பது நம் ஆசிரியர்களுக்குப் புதிதும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்பு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலும், கற்றல் அட்டைகளும் பிள்ளை படிப்படியாக ஏறும் கற்றல் ஏணியுமாக, இதைத்தான் சொன்னது.

'அசர்' (ASER) கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர். 2022-இல் அது 25 ஆனது. தொற்றின் அடி பெரிதுதான். ஆனால் தொற்றுக்கு முன்பே அறுபது பேருக்கு வாசிக்க வராதபோது, அந்த 40-ஐ எட்டிப் பிடித்தால் போதும் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆசிரியர்களின் மனக்குறை வேறு. ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்கே பாடவேளை கரைந்தது. கட்டை அவிழ்க்க வேண்டிய நேரம் அது. போதாக்குறைக்கு, ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், ஐந்து வகுப்பும் மூன்று நிலையும் மற்றவர் தலையில்தான். அந்தப் பள்ளிகளின் கதை அடுத்த வாரம்.