நோட்டுப் புத்தகம் யாருடையது?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களில் கொலு பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனித்திருப்பார்கள். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் சுவரில் படிந்து இறுகுகிறது. அச்சை முன்கூட்டியே பிரித்தால் பொம்மை சரிந்துவிடும். பிரிக்காமலே விட்டாலோ, சுருங்கும் மண் அச்சோடு இழுபட்டு விரிசல் காணும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலம், அப்படி அச்சைப் பிரிக்கும் பருவம். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் பார்வையில் இருந்த குழந்தை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியரைச் சந்திக்கிறது. எந்தப் பாடத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் இனி அந்த மாணவர்தான். அந்தக் கணக்கையும் பெற்றோரே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய சிக்கல்.

2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரிக்கப்பட்டது. மாணவர் தாமே செய்து கற்கட்டும் என்பதே அந்த 40இன் நோக்கம். நடந்தது என்ன? செயல்திட்டங்கள் எழுதுபொருள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அட்டையில் ஒட்டும் வேலை அம்மாவுடையது. எடுத்துச் செல்வது மட்டும் பிள்ளையுடையது. அதற்கும் மதிப்பெண் வழங்கிய பள்ளிகளைக் குறை சொல்லாமல் பெற்றோரை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது.

இதற்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே இருந்தது. நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில், மாணவரே பாடத்தைப் படித்து, அருஞ்சொற்களை அடிக்கோடிட்டு, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து, வகுப்பின்முன் எடுத்துரைக்க வேண்டும். வகுப்பின்முன் நிற்க வேண்டியவர் தாமே என்று தெரிந்த பிள்ளை படிக்காமல் வருவது அரிது. மனவரைபடத்தையும் பார்த்து எழுதும் சடங்காக்கிவிட்டது நம் சாமர்த்தியம்.

எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லை என்ற கொள்கையைத் தமிழகம் தொடர்கிறது. அது சரியே. ஆனால் அதன் பொருள், தவறு செய்வதற்கான இடம் இந்த மூன்று ஆண்டுகளில் இருக்கிறது என்பது. ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வீட்டுப்பாடம் முடிக்காமல் சென்று ஆசிரியருக்குப் பதில் சொல்வதால் பிள்ளைக்குப் பெரிய இழப்பில்லை. பத்தாம் வகுப்பில் நிலைமை வேறு.

அதற்கு முன்பே ஒரு சோதனை வருகிறது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி திறன் உதவித்தொகைத் தேர்வில் வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. சூளை வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த ரூ.48,000 சிறிய தொகையன்று. அதில் ஒரு தாள் மனத்திறனைச் சோதிப்பது. யாரோ எழுதிக்கொடுத்த நோட்டு அங்கே உதவாது.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? எழுத்தறியாத பெற்றோராலும் இயன்றதுதான்: மாலையில் ஒரு நேரத்தையும் விளக்கடியில் ஓர் இடத்தையும் ஒதுக்குவது. “முடித்தாயா?” என்று அதட்டுவதற்குப் பதில், “இன்று எதை முதலில் எடுக்கப் போகிறாய்?” என்று கேட்பது. விடை தவறாக இருந்தாலும் திருத்தாமல் பள்ளிக்கு அனுப்புவது. அந்தத் தவறைப் பார்த்தால்தான் எதை மீண்டும் நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரியும்.